எலும்பு, தசை, மூட்டு: மருத்துவச் சொற்களை உருப்போடாமல் படிப்பது எப்படி

நர்சிங், பிசியோதெரபி, மெடிக்கல் கோடிங், ரேடியோகிராபி என்று எதற்குப் படித்தாலும் எலும்பு, தசை மண்டலத்தின் சொற்கள் ஒரு கட்டத்தில் மொத்தமாக வந்து இறங்கும். பெரியவர்களின் உடம்பில் எலும்பு மட்டும் 206, தசைகள் 600க்கும் மேல். அதற்கு மேல் மூட்டு, நார், நோய், அறுவை சிகிச்சை என்று பெயர்கள் போய்க்கொண்டே இருக்கும். உடனே பலர் செய்வது, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொற்பட்டியலை எடுத்து அகர வரிசையில் உருப்போடத் தொடங்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு வாரத்தில் பாதி மறந்துவிடும், மீதிப் பாதி ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

இந்த மண்டலத்துக்கு இருக்கும் வசதி வேறு எதற்கும் கிடையாது. படிக்க வேண்டிய பொருள் உங்கள் மேலேயே இருக்கிறது, அதில் பெரும்பகுதியைத் தோலுக்கு மேலேயே தொட்டுப் பார்க்கலாம். கல்லீரலையோ கணையத்தையோ அப்படிப் படிக்க முடியாது. அதனால் நான் சொல்வது இரண்டே வேலைதான். சொல்லைப் படிக்கும்போது விரல் அந்த இடத்தில் இருக்க வேண்டும். சொல் நீளமாக இருந்தால் வாலிலிருந்து பிரிக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்வதற்கான துணை வேலைகள்.

முதலில் திசைகள்

எலும்புப் பெயருக்குப் போவதற்கு முன்னால் திசைச் சொற்களை முடித்துவிடுங்கள், ஒரே நாளில் முடியும். எழுந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்பக்கமாகத் திருப்புங்கள். உடற்கூறியல் நிலை என்பது இதுதான். ஆள் படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும் எல்லாத் திசையும் இந்த நிலையை வைத்தே சொல்லப்படும். நடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பது மீடியல், தள்ளி இருப்பது லேட்டரல். முன்புறம் ஆன்டீரியர், பின்புறம் போஸ்டீரியர். கை கால்களில் மட்டும் உடம்போடு சேரும் இடத்துக்கு அருகே இருப்பது பிராக்சிமல், விரல் நுனிப் பக்கம் இருப்பது டிஸ்டல்.

உள்ளங்கை ஏன் முன்னால் பார்க்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். அப்படி நின்றால்தான் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்: கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்காகப் போய்விடும், அந்த அசைவுக்குப் பெயர் புரோனேஷன். திரும்ப நிமிர்த்தினால் சூபினேஷன். ஒரு கையால் இன்னொரு முன்கையைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள், உள்ளே எலும்பு உருள்வது கைக்கே தெரியும்.

அசைவுகளில் அதிகம் தவறு நடப்பது ஒரே ஜோடியில். கையை உடம்பை விட்டு விலக்குவது அப்டக்‌ஷன், உடம்போடு சேர்ப்பது அடக்‌ஷன். வேகமாகச் சொன்னால் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் பல மருத்துவர்கள் டிக்டேஷன் கொடுக்கும்போது ஏ-பி-டக்‌ஷன், ஏ-டி-டக்‌ஷன் என்று எழுத்துக் கூட்டியே சொல்வார்கள். நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படிச் சொல்லிப் பழகுங்கள்.

முழங்கையில் தொடங்கலாம்

எலும்புகளை மண்டையிலிருந்து தொடங்கிக் கால்வரை போவது புத்தகத்தின் வரிசை. நான் கையில் தொடங்கச் சொல்வேன். ஒரு கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 27 எலும்பு, ஒரு பாதத்தில் 26. இரண்டு கையும் இரண்டு பாதமும் சேர்த்தால் 106, அதாவது உடம்பின் எலும்புகளில் பாதிக்கும் மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதோடு கையை எப்போதும் கண்ணெதிரே வைத்துக்கொள்ளலாம்.

இடது முழங்கையை மடக்கி, வலது கையால் பிடியுங்கள். உட்புறம் ஒரு முட்டு, வெளிப்புறம் ஒரு முட்டு துருத்திக்கொண்டிருக்கும். மீடியல் எபிகாண்டைல், லேட்டரல் எபிகாண்டைல். இரண்டுமே மேல்கை எலும்பான ஹியூமரஸைச் சேர்ந்தவை. பின்னால் கூராக நிற்பது ஒலெக்ரனான், அது ஹியூமரஸ் இல்லை, அல்னாவின் மேல்முனை. இப்போது உட்புற முட்டுக்கும் ஒலெக்ரனானுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை மெதுவாக அழுத்துங்கள். சுண்டுவிரல்வரை சுர்ரென்று ஓடினால் நீங்கள் தொட்டது அல்னர் நரம்பு. அந்த ஒரு சுரீரிலேயே அல்னா சுண்டுவிரல் பக்கம் என்பது மனதில் உட்கார்ந்துவிடும். அப்புறம் ஒலெக்ரனானிலிருந்து விரலை எடுக்காமல் அல்னாவின் விளிம்பை வருடிக்கொண்டே மணிக்கட்டுவரை வாருங்கள், முழு நீளமும் தோலுக்கு அடியிலேயே கிடைக்கும். ரேடியஸை அப்படித் தொடர முடியாது, நடுவில் தசைக்குள் மறைந்துவிடும், மணிக்கட்டுக்கு அருகில்தான் மீண்டும் தெளிவாகக் கைக்குப் படும்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள்: ஸ்கேபாய்டு, லூனேட், ட்ரைக்விட்ரம், பிசிஃபார்ம் ஒரு வரிசை, ட்ரெப்பீசியம், ட்ரெப்பிசாய்டு, கேப்பிடேட், ஹேமேட் அடுத்த வரிசை. இவற்றின் முதல் எழுத்துகளை வைத்து வாசகம் கட்டி மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. வரிசையை நினைவில் வைக்க அது உதவும், ஆனால் எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்லித் தராது. அதைவிட உருவத்தைப் பிடியுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் பெயரே உருவம்தான். ஸ்கேபாய்டு என்றால் படகு வடிவம், லூனேட் பிறை, பிசிஃபார்ம் பட்டாணி, ஹேமேட் கொக்கி. பாதத்தில் நேவிகுலர் என்று ஓர் எலும்பு வரும், அதற்கும் படகு என்றே பொருள். கையில் இருப்பது கிரேக்கப் படகு, காலில் இருப்பது லத்தீன் படகு.

கட்டைவிரலை நன்றாக நிமிர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு நாண்களுக்கு (டெண்டன், தசையை எலும்போடு கட்டுவது) நடுவே ஒரு குழி விழும். அந்தக் குழியின் தரையில் இருப்பது ஸ்கேபாய்டு. கீழே விழுந்து கையை ஊன்றியவருக்கு அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், ஸ்கேபாய்டு முறிந்திருக்குமோ என்று மருத்துவர் சந்தேகப்படுவார். குழியின் பின்பக்கச் சுவராக நிற்கும் நாண் எக்ஸ்டென்சர் பாலிசிஸ் லாங்கஸ், முன்பக்கச் சுவரில் எக்ஸ்டென்சர் பாலிசிஸ் பிரெவிஸும் அப்டக்டர் பாலிசிஸ் லாங்கஸும் சேர்ந்து ஓடுகின்றன. பாலிசிஸ் என்றால் கட்டைவிரலுடையது, லாங்கஸ் நீளமானது, பிரெவிஸ் குட்டையானது. ஒரு சின்னக் குழியில் இவ்வளவு சொல் கிடைத்துவிட்டது, இந்த வேகத்தை எந்தப் பட்டியலும் தராது.

முதுகெலும்பை எண்ணால் பிடிப்பது சுலபம்: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. செர்விகல், தொராசிக், லம்பார். அறிக்கைகளில் சி, டி, எல் என்று எழுத்தும் எண்ணும் மட்டுமே வரும். அதற்குக் கீழே ஐந்து ஒன்றாகிப் போன சேக்ரம், கடைசியில் காக்சிக்ஸ்.

தசைப் பெயர் என்பது ஒரு வாக்கியம்

தசைப் பெயர்களைப் பார்த்துத்தான் அதிகம் பேர் பயப்படுகிறார்கள், ஆனால் மொத்தப் பாடத்திலும் நேர்மையான பெயர்கள் இவைதான். எங்கே இருக்கிறது, எந்த வடிவம், எத்தனை தலை, என்ன வேலை, எங்கே ஒட்டியிருக்கிறது என்பதில் ஒன்றையோ பலவற்றையோ பெயர் வாய்விட்டே சொல்லிவிடும். டெல்டாய்டு முக்கோணம். குளூட்டியஸ் மேக்சிமஸ், மீடியஸ், மினிமஸ் என்றால் பெரியது, நடுத்தரம், சின்னது. பைசெப்ஸ் இரண்டு தலை, ட்ரைசெப்ஸ் மூன்று, குவாட்ரிசெப்ஸ் நான்கு. ஆனால் பைசெப்ஸ் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கையில் பைசெப்ஸ் பிரேக்கியை, தொடையின் பின்னால் பைசெப்ஸ் ஃபெமோரிஸ், இரண்டும் வேறு வேறு தசைகள்.

ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்ற பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். கண்ணாடி முன்னால் நின்று தலையை இடப்பக்கம் திருப்புங்கள், கழுத்தின் வலப்பக்கம் ஒரு பட்டை எழும்பும். அதன் கீழ்முனையைத் தடவினால் ஒரு கிளை மார்பெலும்பில், ஒரு கிளை காரை எலும்பில் போய் நிற்கும். மேல்முனை காதுக்குப் பின்னால் இருக்கும் முட்டில் முடியும். ஸ்டெர்னம், கிளாவிக்கிள், மாஸ்டாய்டு. பெயர் சொன்னதும் அதையேதான்.

இன்னும் நீளமாக ஒன்று: எக்ஸ்டென்சர் கார்பை ரேடியாலிஸ் பிரெவிஸ். நீட்டுவது, மணிக்கட்டை, ரேடியஸ் பக்கத்தில், குட்டையானது. அதாவது மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கமாகப் பின்னோக்கி நிமிர்த்தும் இரண்டு தசைகளில் குட்டையானது இது. இதற்கு ஒரு லாங்கஸ் அண்ணன் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதும் பெயரிலிருந்தே தெரிந்துவிடும். லேட்டரல் எபிகாண்டைலில் கை வைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பின்னால் மடக்கினால் அதன் இழுப்பு தெரியும். டென்னிஸ் எல்போ என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தசையின் நாணில் வரும் பிரச்சினைதான்.

வாலிலிருந்து பிரிப்பது

நோய், சிகிச்சைச் சொற்கள் ரயில் பெட்டிகள் மாதிரி கோர்க்கப்பட்டவை, கடைசிப் பெட்டியில்தான் என்ன விஷயம் என்று எழுதியிருக்கும். முதலில் வாலைப் பாருங்கள், பிறகு தலைக்குப் போங்கள், கடைசியாக நடுவை.

தலைப்பகுதியில் வரும் வேர்கள் கொஞ்சம்தான். ஆஸ்டியோ எலும்பு, ஆர்த்ரோ மூட்டு, மயோ தசை, காண்ட்ரோ குருத்தெலும்பு, காஸ்டோ விலா எலும்பு, ஸ்பாண்டைலோ முதுகெலும்பு. இவற்றோடு வால்களைச் சேர்த்தால்: ஆல்ஜியா வலி, எனவே மயால்ஜியா தசைவலி. ஸ்கோபி உள்ளே கருவி விட்டுப் பார்ப்பது, பிளாஸ்டி சீரமைப்பது, டெசிஸ் அசையாமல் இணைத்துவிடுவது, சென்டிசிஸ் ஊசி குத்தி நீர் எடுப்பது. ஆர்த்ரோஸ்கோபி, ஆர்த்ரோபிளாஸ்டி, ஆர்த்ரோடெசிஸ், ஆர்த்ரோசென்டிசிஸ் ஆகிய நான்கும் மூட்டில் செய்வதுதான், ஆனால் நோயாளியின் வாழ்க்கையில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்: ஒன்றில் மூட்டு புதிதாக அசையும், ஒன்றில் இனி அசையவே அசையாது. டமி என்றால் வெட்டுவது, எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது. ஆஸ்டியோட்டமியில் எலும்பை வெட்டிச் சரிசெய்வார்கள், டிஸ்கெக்டமியில் டிஸ்கின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்றிவிடுவார்கள்.

வால்களை ஒரே வேரில் மாட்டி மாட்டிப் பழகுவது மிகச் சிறந்த பயிற்சி. எலும்பில் செய்து பார்ப்போம். ஆஸ்டியோபீனியா எலும்பின் அடர்த்தி குறைவு, ஆஸ்டியோபோரோசிஸ் துளைகள் விழும் அளவுக்குக் குறைவு, ஆஸ்டியோமலேசியா எலும்பு மிருதுவாகிப் போவது. முதல் இரண்டும் ஒரே பாதையில் வருபவை. எலும்பு அடர்த்திப் பரிசோதனையின் டி ஸ்கோர் மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் இருந்தால் ஆஸ்டியோபீனியா, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ். மூன்றாவது வேறு கதை, அங்கே எலும்பில் கனிமம் சரியாகப் படியவில்லை, பெரும்பாலும் வைட்டமின் டி பற்றாக்குறையால். செல்களும் அப்படியே: பிளாஸ்ட் கட்டுவது, கிளாஸ்ட் உடைப்பது, சைட் சாதாரணமாக இருக்கும் செல். ஆஸ்டியோபிளாஸ்ட், ஆஸ்டியோகிளாஸ்ட், ஆஸ்டியோசைட்.

முதுகெலும்பில் வரும் நான்கு சொற்கள் எல்லோரையும் படுத்தும், இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். ஸ்பாண்டைலைட்டிஸ் என்றால் முள்ளெலும்பில் அழற்சி. ஸ்பாண்டைலோசிஸ் என்றால் வயதோடு வரும் தேய்மானம். ஸ்பாண்டைலோலைசிஸ் என்றால் முள்ளெலும்பின் பின்வளைவில் விரிசல். ஸ்பாண்டைலோலிஸ்தெசிஸ் என்றால் ஒரு முள்ளெலும்பு அடுத்ததன் மேல் வழுக்கி நகர்வது, கால்பங்கு தூரம்வரை நகர்ந்திருந்தால் முதல் கிரேடு. வழுக்கல் சில சமயம் அந்த விரிசலால் வரும், அதனால் கடைசி இரண்டும் ஒரே அறிக்கையில் சேர்ந்து வரலாம். பேச்சில் தேய்மானத்தையும் ஸ்பாண்டைலைட்டிஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள், நீங்கள் எழுதும்போது அப்படி எழுதக் கூடாது.

வால் சொல்வதை அப்படியே நம்ப முடியாத இடங்களும் உண்டு. ஐட்டிஸ் என்றால் அழற்சி, ஓசிஸ் என்றால் ஒரு நிலை, பெரும்பாலும் சிதைவு. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸில் ஐட்டிஸ் இருந்தாலும் அதன் முக்கிய விஷயம் மூட்டுத் தேய்மானம். டெண்டினைட்டிஸ் என்று நெடுநாளாகச் சொல்லிவந்த பலவற்றில் அழற்சி பெரிதாக இல்லை, நாணின் இழைகள் சிதைந்திருக்கின்றன என்று தெரிந்த பிறகு டெண்டினோபதி என்ற பொதுச்சொல் அதிகம் புழங்குகிறது. ஓமா என்றால் கட்டி, ஆனால் ஹீமடோமா புற்றுக்கட்டி இல்லை, ரத்தம் தேங்கி நிற்பது.

இன்னொரு ஆபத்தான ஜோடி மயோ, மைலோ. மயோபதி தசைநோய், மைலோபதி தண்டுவட நோய். போதாக்குறைக்கு மைலோவுக்கே இரண்டு பொருள்: போலியோமைலைட்டிஸில் தண்டுவடம், ஆஸ்டியோமைலைட்டிஸிலும் மைலோமாவிலும் எலும்பு மஜ்ஜை. கூடவே வரும் வேரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழில் குறிப்பெழுதுபவர்களுக்கு

தமிழில் குறிப்பு எடுப்பது நல்ல பழக்கம், ஆனால் சில இடங்களில் நம் எழுத்து இரண்டு சொற்களை ஒன்றாக்கிவிடும். டார்சல் என்று எழுதினால் அது பாதத்தின் எலும்பா, முதுகுப்பக்கம் என்ற திசையா? ஆங்கிலத்தில் ஒன்று டி-ஏ என்று தொடங்கும், இன்னொன்று டி-ஓ, அதிலும் அந்த இரண்டு டி-யும் வேறு வேறு எழுத்துகள். இலியம் இன்னும் மோசம்: நடுவில் ஐ எழுத்து வந்தால் இடுப்பெலும்பின் மேல்பகுதி, இ எழுத்து வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. இப்படிப்பட்டவற்றை மட்டும் தனிப் பக்கத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டோடு எழுதி வையுங்கள். சோவாஸ் தசையின் எழுத்துக்கூட்டில் முன்னால் ஒரு ஊமை பி உண்டு என்பதையும் அங்கேயே சேருங்கள்.

நம் பேச்சுச் சொற்களும் கவனம் கேட்பவை. ஜவ்வு கிழிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் லிகமெண்டாகவும் இருக்கலாம், முழங்காலுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸாகவும் இருக்கலாம். தசைநார் என்பதை டெண்டனுக்கு எழுதுபவர்களும் உண்டு, லிகமெண்டுக்கு எழுதுபவர்களும் உண்டு. எலும்பையும் எலும்பையும் கட்டுவது லிகமெண்ட், தசையை எலும்போடு கட்டுவது டெண்டன். சுளுக்கு என்ற சொல்லும் இப்படித்தான், லிகமெண்டில் வந்தால் ஸ்ப்ரெயின், தசையிலோ டெண்டனிலோ வந்தால் ஸ்ட்ரெயின். டெண்டனில் வரும் ட ஸ்ட்ரெயினிலும் இருக்கிறது, அதை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

ஃபிளாஷ் கார்டு எழுதினால் பின்பக்கத்தில் பொருளை மட்டும் எழுதாதீர்கள். சொல்லைப் பிரித்து எழுதுங்கள், உடம்பில் எங்கே என்று ஒரு கோட்டுப்படம் போடுங்கள். திருப்பும்போது முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், தொடுங்கள், பிறகுதான் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். இன்று படித்ததை நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். ஆன்கி போன்ற செயலிகள் இந்தக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

அறிக்கையைப் படிக்க வேண்டும்

ஒரு பகுதி முடிந்ததும் அதைப் பற்றிய அறிக்கை வரிகளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். உதாரணமாக ஓர் எக்ஸ்ரே வரி: காம்மினியூட்டட் இன்ட்ரா ஆர்டிகுலர் ஃப்ராக்சர் ஆஃப் த டிஸ்டல் ரேடியஸ். காம்மினியூட்டட் என்றால் துண்டு துண்டாக, இன்ட்ரா உள்ளே, ஆர்டிகுலர் மூட்டு சார்ந்தது, டிஸ்டல் விரல் பக்க முனை. மணிக்கட்டுக்கு அருகில் ரேடியஸ் பல துண்டாக உடைந்து, முறிவு மூட்டுக்குள்ளும் போயிருக்கிறது. படித்துக்கொண்டே உங்கள் மணிக்கட்டில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட முடிந்தால் வரி புரிந்துவிட்டது என்று அர்த்தம். தொட முடியவில்லை என்றால் எந்தச் சொல்லில் தடுமாறினீர்கள் என்று பார்த்து, அதற்கு மட்டும் புதிதாக ஓர் அட்டை எழுதுங்கள்.

ஆள் பெயரில் வரும் சொற்களைப் பிரிக்க முடியாது. காலிஸ் ஃப்ராக்சர் என்பது ஆபிரகாம் காலிஸ் 1814இல் விவரித்த, டிஸ்டல் ரேடியஸ் முறிந்து பின்பக்கம் நகரும் வகை. அதைப் படத்தோடுதான் படிக்க வேண்டும். 1998இல் வந்த சர்வதேச உடற்கூறியல் சொற்பட்டியல் ஆள் பெயர்களைத் தவிர்த்து, அக்கிலிஸ் டெண்டனைக் கால்கேனியல் டெண்டன் என்று குறிக்கிறது. ஆனாலும் வார்டில் பழைய பெயர்தான் புழங்குகிறது, இரண்டையும் ஒரே அட்டையில் எழுதுங்கள்.

சுருக்கெழுத்துகளைக் கடைசியாக வையுங்கள், விரிவு தெரியாமல் சுருக்கத்தைப் படித்தால் ஒட்டாது. ஏசிஎல், பிசிஎல் முழங்காலின் குறுக்கு லிகமெண்டுகள், டிகேஆர் முழங்கால் மூட்டு மாற்று, ஆர்ஓஎம் அசைவின் வீச்சு. எம்எஸ் என்று பார்த்தால் மட்டும் நின்று யோசியுங்கள். எலும்பு தசை மண்டலமாக இருக்கலாம், மல்டிபிள் ஸ்கிளரோசிஸாக இருக்கலாம், இதய வால்வு சுருங்கிய மைட்ரல் ஸ்டெனோசிஸாகவும் இருக்கலாம். முன்பின் வரிகளைப் பார்த்தும் தெளிவாகவில்லை என்றால் ஊகித்து எழுதாமல் எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.